டாக்சியா, மினோவா? மருந்துக்கடை மேசையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் சின்ன மருந்துக்கடை என்னுடையது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் சீட்டோடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். முகப்பருவுக்கு மினோசைக்ளின் வாங்கும் கல்லூரிப் பிள்ளைகள் வருடம் முழுவதும் வருவார்கள். சில வீடுகளில் அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு மற்றொன்று. குழப்பம் பிறப்பது அங்கேதான். கேள்விகளை ஒரு பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்துவந்தேன். அவரவர் கேட்டபடியே தலைப்பாகப் போட்டிருக்கிறேன். பதில் சொல்கிறவன் மருந்தாளுநன், மருத்துவர் அல்ல. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

"டாக்சி, மினோ என்று இரண்டு பெயர் சொல்கிறீர்கள். இரண்டும் ஒரே மாத்திரைதானே?"

ஒரே மாத்திரை அல்ல. ஒரே குடும்பம். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் குடும்பத்தில் இரண்டும் பின்னால் பிறந்தவை. டாக்சிசைக்ளின் 1967-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மினோசைக்ளின் 1971-இல். கடையில் எல்லோரும் வாய்க்கு வசதியாக டாக்சி, மினோ என்றே சொல்கிறோம். ஒரு பெரியவர், "அந்த வாடகைக் கார் மாத்திரை கொடு" என்றுதான் கேட்பார்.

வேலை செய்யும் விதமும் ஒன்றேதான். கிருமி உயிர்வாழப் புரதம் செய்தாக வேண்டும். அதன் உடலுக்குள் புரதம் செய்கிற பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர். இந்த மருந்துகள் அங்கே போய் வழியை அடைத்துக்கொள்கின்றன. கிருமி உடனே சாவதில்லை, பெருகுவது நிற்கிறது. மீதியை நம் உடம்பு பார்த்துக்கொள்கிறது. வித்தியாசம் எல்லாம் மருந்து உடம்பில் எங்கெங்கே போகிறது, எப்படி வெளியேறுகிறது, என்ன தொல்லை தருகிறது என்பதில்தான்.

"அண்ணா, இந்த மருந்தை நம் ஊர்க்காரர் ஒருவர் கண்டுபிடித்தார் என்று படித்தேனே, உண்மையா?"

பாதி உண்மை. கேட்டது பி.ஃபார்ம். படிக்கும் ஒரு பெண். இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை குளோர்டெட்ராசைக்ளின். 1948-இல் ஆரியோமைசின் என்ற பெயரில் வெளிவந்தது. கண்டெடுத்தவர் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர். அமெரிக்காவின் மிசூரியில் ஒரு புல் வயலிலிருந்து வந்த மண்ணில் இருந்த நுண்ணுயிர்தான் அதைச் சுரந்தது. பொன்னிறமாக இருந்ததால் அந்தப் பெயர்.

டக்கர் வேலை பார்த்த லெடர்லே ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மினோசைக்ளினும் பிற்பாடு அதே லெடர்லேயில் பிறந்ததுதான். டாக்சிசைக்ளின் ஃபைசர் நிறுவனத்துப் பிள்ளை. வயல் மண்ணிலிருந்து வந்த மருந்து வயலில் நிற்கிறவர்களின் காய்ச்சலுக்கே உதவுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

"இரண்டில் எது பவர் அதிகம்?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எனக்கு அதிகம் எரிச்சல் தருவதும் இதுதான். இரண்டுமே பெரும்பாலும் 100 மி.கி. அளவில் வருகின்றன. மினோ 50 மி.கி.யிலும், மெதுவாகக் கரையும் வகையாக 65 மி.கி.யிலும்கூட வருகிறது. அட்டையில் எண் குறைவு என்பதால் வீரியம் குறைவு என்று ஆகாது, விலை அதிகம் என்பதால் வீரியம் அதிகம் என்றும் ஆகாது.

மினோ கொழுப்பில் நன்றாகக் கரையும். அதனால் தோலுக்கும் மூளைக்கும் எளிதாகப் போகிறது. ஆய்வகத் தட்டில் வைத்துப் பார்த்தால் சீழ்ப்புண் உண்டாக்கும் சில ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளை டாக்சியைவிட நன்றாகவே அடக்குகிறது. ஆனால் எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் (சின்னப் பூச்சிக் கடியால் வரும் காய்ச்சல்), காலரா போன்றவற்றில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, சிகிச்சை முறைகளில் எழுதப்பட்டிருப்பது டாக்சி. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளைத் தரம் பிரித்திருக்கிறது. அதில் டாக்சி முதல் வரிசை, முதல் தேர்வாகப் பயன்படுத்தலாம். வாய்வழி மினோ இரண்டாம் வரிசை. கவனித்துப் பயன்படுத்த வேண்டும்.

"அப்பாவுக்கு எலிக்காய்ச்சல் என்று டாக்சி எழுதியிருக்கிறார்கள். வீட்டில் தம்பியின் மினோ அரை அட்டை மீதம் இருக்கிறது. அதையே கொடுத்துவிடட்டுமா?"

வேண்டாம். முதலில் மேலே சொன்ன காரணம்: எலிக்காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்துத் தேறியது டாக்சி. தம்பியின் மாத்திரை மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் அளவும் பொருந்தாது. அரை அட்டையில் ஏழு நாள் ஓடாது என்பது வேறு.

எலிக்காய்ச்சலை லேசாக எண்ணக்கூடாது. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீர், சேற்றுப்புண்ணும் பித்தவெடிப்பும் உள்ள காலில் பட்டால் போதும், லெப்டோஸ்பைரா என்ற அந்த நோய்க் கிருமி உள்ளே போய்விடும். ஆரம்பத்தில் கடுமையான காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. இந்தக் கட்டத்தில் டாக்சி 100 மி.கி. காலை, மாலை, ஏழு நாள் என்பது வழக்கமான சீட்டு. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ மாத்திரையை நம்பி வீட்டில் படுத்திருக்கக்கூடாது. அப்போது தேவை மருத்துவமனைப் படுக்கையும், பென்சிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசியும்.

"காய்ச்சலுக்கு அமாக்சிசிலின் போட்டேன், கேட்கவில்லை. டாக்சிக்கு மட்டும் எப்படிக் கேட்கும்?"

அது ஸ்க்ரப் டைபஸாக இருந்தால் கேட்காது. அந்தக் கிருமி நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து வாழ்கிறது. பென்சிலின் வகையறா குறிவைப்பது கிருமியின் சுவரை; அந்த அடி இதன்மேல் விழுவதே இல்லை. டெட்ராசைக்ளின் குடும்பம் செல்லுக்குள் நுழைந்து வேலை செய்யும். சரியான நோய்க்குச் சரியான மருந்து விழுந்தால், ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் இறங்குவதைக் கடையில் நின்றே பார்த்திருக்கிறேன்.

வயல் வரப்பிலோ புதரிலோ வேலை செய்தவருக்குக் காய்ச்சல் என்றால், அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு, மார்பின் கீழ்ப்புறம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். பீடி நெருப்புச் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். ஒரு சின்னப் பூச்சி கடித்த இடம் அது. எல்லோருக்கும் இருக்காது, இருந்தால் பெரிய துப்பு.

"பருவுக்கு ஏன் மினோ எழுதுகிறார்கள்? டாக்சி போதாதா?"

பெரும்பாலானோருக்குப் போதும். மினோ தோலில் நன்றாக ஊறும் என்பதால் ஒரு காலத்தில் தோல் மருத்துவர்கள் அதையே விரும்பினார்கள். 2012-இல், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பருவில் மினோ மற்றவற்றைவிட மேல் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்றது. ஆபத்தான பக்கவிளைவுகளையும் அது சுட்டிக்காட்டியது. அதன் பிறகும் சிலருக்கு மினோ எழுதக் காரணங்கள் உண்டு: டாக்சி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வெயிலில் தோல் எரிகிறது, அல்லது பலன் தெரியவில்லை.

எதுவானாலும் மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் மருத்துவரைப் பார்க்காமல் தொடரக்கூடாது. ஒரு பையன் ஒன்றரை வருடமாக அதே பழைய சீட்டைக் காட்டி வேறொரு கடையில் வாங்கிக்கொண்டிருந்தான். அவன் கதை பின்னால் வருகிறது.

"சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? காபியோடு போடலாமா?"

பழைய டெட்ராசைக்ளினை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும், பால் பட்டால் பாதி வீணாகிவிடும். டாக்சிக்கும் மினோவுக்கும் அத்தனை கெடுபிடி இல்லை. பாலோ சாப்பாடோ சேர்ந்தால் டாக்சி ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாக உறிஞ்சப்படும், அவ்வளவுதான். வயிற்றைப் புரட்டுகிறவர்கள் இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டே போடலாம்.

ஆனாலும் கும்பகோணம் டிகிரி காபியின் பாலைக் குறைத்து எடைபோடாதீர்கள். கள்ளிச்சொட்டுப் போன்ற பாலில் இருப்பது கால்சியம். அது இந்த மருந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குடலிலேயே தங்கிவிடும். மாத்திரைக்குத் தண்ணீர், காபிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி டம்ளர். தயிர், மோருக்கும் அதே கணக்கு.

"வெற்றிலை போடாமல் எனக்கு முடியாது தம்பி. அது தடையா?"

கேட்ட ஆத்தாவுக்கு எழுபது வயது இருக்கும். இடுப்பில் சுருக்குப்பை, விரல் நுனியில் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பும் கால்சியம்தான். தடவுகிற அளவு சிறிது என்பதால் மருந்தே போச்சு என்று ஆகாது. ஆனால் மாத்திரையை விழுங்கிய கையோடு தாம்பூலம் வேண்டாம், இரண்டு மணி நேரம் பொறுங்கள் என்றேன். "அப்படியானால் ராத்திரி மாத்திரையைப் போடும்போது ஊரே தூங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சத்து மாத்திரை, ஜெலுசில் எல்லாம் சேர்த்துப் போடலாமா?"

பாலைவிடக் கடுமையான எதிரிகள் இவை. இரும்பு, கால்சியம், துத்தநாக மாத்திரைகள், அலுமினியமும் மெக்னீசியமும் உள்ள அமிலமுறி மருந்துகள் எல்லாமே இரண்டு மருந்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு, மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இரும்பு இன்னும் ஒரு படி மேல். டாக்சி ரத்தத்தில் சேர்ந்த பிறகும் குடலுக்குள் திரும்பத் திரும்பச் சுரந்து உறிஞ்சப்படுகிறது. அங்கே இரும்பு காத்திருந்தால் பிடித்துக்கொள்ளும், இடைவெளி விட்டாலும் முழுதாகத் தப்ப முடியாது. ஏழு நாள் சிகிச்சைதான் என்றால், அந்த வாரம் மட்டும் இரும்பு மாத்திரையை நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

"டாக்சி போட்ட மறுநாளிலிருந்து எச்சில் விழுங்கினால்கூட நெஞ்சு வலிக்கிறது. இதய நோயா?"

அநேகமாக உணவுக்குழாய்ப் புண். டாக்சி கரைந்தால் அமிலத் தன்மை கொள்ளும். கேப்ஸ்யூல் வழியில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைச் சுட்டுவிடும். மினோவிலும் நடக்கும், டாக்சியில் அதிகம். இப்படி வந்தவர் ஒருவரிடம் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். கதிர் அறுப்பு முடிந்து வந்த அசதி, ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு, செம்பின் அடியில் மிஞ்சியிருந்த ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கியிருக்கிறார். மூன்று நாள் கஞ்சிகூட இறங்கவில்லை.

உட்கார்ந்தோ நின்றோ, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரமாவது படுக்கக்கூடாது. ராத்திரி மாத்திரையைப் படுக்கும் நேரத்தில் போடாமல் இரவுச் சாப்பாட்டோடு போட்டுவிடுங்கள். வலி வந்துவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். இடது கைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சடைப்பு இருந்தால் மாத்திரைமேல் பழிபோட்டுக்கொண்டு நிற்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

"நடவு நேரம். வெயிலில் நிற்காமல் எப்படி முடியும்?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். டாக்சி போட்டால் தோல் வெயிலைத் தாங்காது. முகம், புறங்கை, பின்கழுத்து சிவந்து எரியும். சிலருக்கு நகம்கூடச் சதையை விட்டு எழும்பும். மினோவில் இந்தத் தொல்லை குறைவு. காய்ச்சலுக்கு அந்த மருந்துதான் தேவை, வயிற்றுப்பாட்டுக்கு அந்த வெயில்தான் தேவை என்றால் என்ன சொல்வது?

எலிக்காய்ச்சல் வந்த வாரத்தில் சேற்றில் இறங்க உடம்பே இடம் கொடுக்காது. அதன் பிறகும் மருந்து ஓடுகிறது என்றால் முழுக்கைச் சட்டை, தலையில் முண்டாசு, காதும் கழுத்தும் மறைகிற துண்டு. பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை முடிந்தவரை நிழல். மருந்தை நிறுத்திய சில நாளில் இந்தக் கூச்சம் போய்விடும்.

"மினோ ஆரம்பித்ததிலிருந்து கப்பலில் போவது போல இருக்கிறது."

மூளைக்கும் உட்காதுக்கும் எளிதாகப் போகும் என்றேனே, அதன் விலை இது. தலைசுற்றல், தள்ளாட்டம், குமட்டல் முதல் சில நாட்களிலேயே தெரியும். பெண்களுக்கு அதிகம். நிறுத்தினால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். அதுவரை மொபெட் ஓட்ட வேண்டாம், வாய்க்கால் மதகில் ஏற வேண்டாம். எழுதிய மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் டாக்சிக்கு மாற்றிவிடுவார். டாக்சியில் இந்தத் தொல்லை அபூர்வம்.

ஒன்று மட்டும் வேறு. விடாத தலைவலி, பார்வை மங்கல், பொருள் இரண்டிரண்டாகத் தெரிவது என்றால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். இரண்டு மருந்திலும் அபூர்வமாக நடக்கும். காத்திருக்கக் கூடாது.

"பையனின் ஈறு நீலமாகத் தெரிகிறது. மாத்திரையாலா?"

நான் சொன்ன ஒன்றரை வருடப் பையன் இவன்தான். அம்மாவோடு வந்தான். கடை விளக்கின் கீழ் வாயைத் திறக்கச் சொன்னேன். மேல் ஈற்றின் ஓரத்தில் சிலேட்டைத் தேய்த்தது போல ஒரு நிறம். கன்னத்தில் பழைய பருத் தழும்புகளும் மை ஊறியது போல இருந்தன. பருவை மறைக்கச் சாப்பிட்ட மாத்திரை பரு இருந்த இடத்துக்கெல்லாம் நீலப் பொட்டு வைத்துவிட்டது.

மினோவை நீண்ட நாள் போட்டால் தோல், ஈறு, கெண்டைக்கால் முன்புறம், பல், ஏன் எலும்பில்கூட இந்த நிறம் படியும். நிறுத்தினால் மெதுவாக மங்கும், எல்லாருக்கும் முழுதாகப் போவதில்லை. நிறம் மட்டும் என்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் போடும்போது சிலருக்கு மூட்டுவலி, காய்ச்சல், கல்லீரல் வீக்கம் என்று உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் நோய் கிளம்பும். லூபஸ் என்ற அந்த வகை நோய் போலவே இருக்கும். டாக்சியில் இது மிக மிக அரிது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வாரக் கணக்குக்கு இரண்டும் ஏறக்குறையச் சமம், மாதக் கணக்கு வரும்போது மினோவிடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும்.

"குழந்தைக்கு இந்த வகை மருந்தே ஆகாது, பல் கறுத்துவிடும் என்கிறார்களே?"

எட்டு வயதுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும்போது இந்தக் குடும்பம் கால்சியத்தோடு சேர்ந்து பல்லில் படிந்துவிடும். மஞ்சள், பழுப்புக் கறை நிரந்தரம். பழைய டெட்ராசைக்ளின் காலத்தில் வளர்ந்தவர்கள் பலர் இன்றும் வாயைப் பொத்திச் சிரிப்பதைப் பார்க்கலாம்.

ஆனால் டாக்சி கால்சியத்தோடு குறைவாகவே சேர்கிறது. சில நாள் கொடுத்தால் கறை தெரிவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அதனால் ஸ்க்ரப் டைபஸ் போல உயிருக்கு ஆபத்தான காய்ச்சலில் சிறு பிள்ளைக்கும் மருத்துவர்கள் டாக்சி எழுதுகிறார்கள். பல்லுக்குப் பயந்து அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். இந்தச் சலுகை டாக்சிக்கு மட்டும்தான். மினோவுக்கு எட்டு வயது விதி அப்படியே நிற்கிறது.

"மருமகள் முழுகாமல் இருக்கிறாள்."

இரண்டுமே பொதுவாகத் தவிர்க்கப்படும். சீட்டு எழுதுகிறவரிடம் கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். காய்ச்சலைப் பொறுத்து அசித்ரோமைசின் போன்ற வேறு வழி பார்ப்பார். பால் கொடுக்கிறவர்களுக்குச் சில நாள் டாக்சி என்றால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், மாதக்கணக்கு என்றால் மாட்டார்கள்.

"சிறுநீரகம் பழுது, டயாலிசிஸ் போகிறார். எது ஆகும்?"

இங்கே டாக்சி தனித்து நிற்கிறது. அது பெரும்பகுதி குடல் வழியாக வெளியேறிவிடுவதால் சிறுநீரகம் பழுதானவருக்கும் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. பழைய டெட்ராசைக்ளின் இவர்களுக்கு யூரியாவை ஏற்றிவிடும். மினோ இரண்டுக்கும் நடுவில், எச்சரிக்கையோடு கொடுக்கப்படுவது.

"வலிப்பு மாத்திரை போடுகிறேன். சாராயப் பழக்கமும் கொஞ்சம் உண்டு, சொல்லிவிடுகிறேன்."

சொன்னதற்கு நன்றி. ஃபினைட்டாயின், கார்பமசெபைன், நீண்ட நாள் குடி இவையெல்லாம் கல்லீரலை முடுக்கிவிட்டு டாக்சியைச் சீக்கிரம் கரைத்துவிடும். இருபது மணி நேரத்தில் பாதியாகக் குறைய வேண்டிய மருந்து அதற்குள் வெகுவாகத் தீர்ந்துவிடும். ஒரு நாளைக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் இரண்டு வேளையாக்கலாம்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்களுக்கு இரண்டு மருந்துமே அதன் வேகத்தைக் கூட்டும். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் போடுகிறவர்கள் இந்தக் குடும்பத்தையே தொடக்கூடாது. மேலே சொன்ன மண்டை அழுத்தம் இரண்டும் சேர்ந்தால் அதிகம் வரும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு பெரும்பாலும் தகராறு இல்லை.

"எனக்குப் பென்சிலின் ஆகாது. இது ஆகுமா?"

ஆகும், அது வேறு குடும்பம். ஆனால் டாக்சியில் உடம்பெல்லாம் தடித்தவருக்கு மினோவும் வேண்டாம்.

"இரண்டையும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் குணமாகுமா?"

ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு. முதல் கேள்வியில் சொன்ன அதே இடத்தில்தான் இரண்டும் உட்காரும். பலன் கூடாது, தொல்லை கூடும்.

வேறு குடும்பத்தோடு சேர்ப்பது தனிக் கதை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சியையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்தவர்கள், ஒன்றை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அது தீவிர சிகிச்சைப் பிரிவில் செய்கிற வேலை. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வீட்டில் இரண்டு அட்டையைப் பிரிக்கிற வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

"வாரம் ஒரு டாக்சி போட்டால் எலிக்காய்ச்சலே வராதாமே? சம்பா முடியும் வரை போடட்டுமா?"

அடிப்படை இல்லாமல் பரவிய பேச்சு அல்ல இது. பனாமா காட்டில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படைவீரர்களிடம் வாரம் 200 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வு 1984-இல் வெளிவந்தது, நல்ல பலன் தெரிந்தது. 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் மீட்புப் பணியாளர்களுக்கு இதே அளவு கொடுத்தார்கள்.

ஆனால் அது சில வாரக் காவல். வெள்ளம் புகுந்த ஊர், சாக்கடையில் இறங்கும் பணியாளர் என்று சுகாதாரத் துறை சொல்லும்போது எடுத்துக்கொள்வது. நம் சம்பா ஐந்து மாதப் பயிர், குறுவையும் தாளடியும் வேறு. நடவிலிருந்து அறுப்பு வரை ஆன்டிபயாடிக் என்றால் வயிற்றிலுள்ள கிருமிகளெல்லாம் மருந்தைப் பழகிவிடும். முழங்கால் உறை, காலில் புண் இருந்தால் கட்டு, வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவது, வரப்பில் எலிக்கிட்டி. இவைதான் அத்தனை மாதமும் செய்யக்கூடியவை. மினோவை இப்படிக் காவலுக்குப் போடும் வழக்கம் இல்லை.

"யானைக்காலுக்கும் டாக்சி கொடுக்கிறார்களாமே? அது புழு நோய் ஆயிற்றே?"

கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர் கேட்டது. அவர் தலைமுறையில் தெருவுக்கு ஒரு வீங்கிய கால் இருக்கும். கேள்வி சரியானது: யானைக்காலுக்குக் காரணம் கிருமி அல்ல, புழு. ஆனால் அந்தப் புழுவின் உடம்புக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அது இல்லாமல் புழு இனம்பெருக்க முடியாது, நாளடைவில் சாகும். டாக்சி அடிப்பது அந்தக் குடியிருப்பவனை. நான்கிலிருந்து ஆறு வாரம் தினமும் போட வேண்டும் என்பதால் ஊர் முழுக்கக் கொடுக்க இயலாது. அதற்கு டி.இ.சி., அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரைகள்தான். எலிகளில் செய்த ஆய்வில் வோல்பாக்கியாவை மினோ இன்னும் வேகமாகத் தீர்த்தது. மனிதர்களிடம் வழக்கத்தில் இருப்பது டாக்சிதான்.

வீங்கிப்போன கால் மாத்திரையால் பழைய காலாகிவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, காலை உயர்த்தி வைப்பதை எதுவும் ஈடுசெய்யாது.

"போன வருடத்து மாத்திரை டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, தேதி முடிந்துவிட்டது. போடலாமா?"

மற்ற மாத்திரை காலாவதியானால் பெரும்பாலும் வீரியம் குறையும். இந்தக் குடும்பத்துக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. கெட்டுப்போன பழைய டெட்ராசைக்ளின் சாப்பிட்டுச் சிறுநீரகம் பாதித்தவர்களைப் பற்றி 1960-களில் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. அன்றைய தயாரிப்பு முறை மாறிவிட்டது, டாக்சியும் மினோவும் அந்தப் பழைய சரக்கும் அல்ல. ஆனாலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் தகரப் பெட்டிக்குள் ஒரு கோடை கிடந்த மாத்திரையை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

ஏழு நாளைக்கு எழுதியதை ஏழு நாளும் போட்டிருந்தால் பெட்டியில் மிஞ்சியே இருக்காது என்பதையும் அவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டார்.

"மாட்டுக்கு மஞ்சள் ஊசி போட்டார் கால்நடை மருத்துவர். அதுவும் இதே மருந்து என்கிறான் என் மகன்."

மகன் கெட்டிக்காரன். அது ஆக்சிடெட்ராசைக்ளினாக இருக்கும், 1950-இல் வந்த இரண்டாவது பிள்ளை. குடும்பம் ஒன்றுதான். அதனால்தான் ஊசிக்குப் பிறகு அவர் சொன்ன நாள் வரை அந்தப் பாலைக் கறந்து கொட்டச் சொல்கிறார்கள். தொழுவத்திலும் கோழிப் பண்ணையிலும் இந்தக் குடும்பம் கண்டபடி புழங்கினால் கிருமிகள் மருந்தைத் தாங்கப் பழகும்.

"சீழ் பரிசோதனையில் டெட்ராசைக்ளினுக்கு எதிரே 'ஆர்' என்று போட்டிருக்கிறது. வேலை செய்யாது என்று அர்த்தமாம். டாக்டர் அதே குடும்பத்து மினோவை எழுதியிருக்கிறார். தவறா?"

தவறாக இருக்க வேண்டியதில்லை. கிருமிகள் இந்தக் குடும்பத்திடமிருந்து தப்ப முக்கியமாக இரண்டு வழி வைத்திருக்கின்றன. ஒன்று, வயலில் நின்ற வெள்ளத்தை மோட்டார் போட்டு இறைப்பது போல, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுவது. மற்றொன்று, மருந்து உட்காரும் பட்டறைக்கே காவல் போட்டுக்கொள்வது. ஸ்டாஃபிலோகாக்கஸில் காணப்படும் ஒருவகை மோட்டார் டெட்ராசைக்ளினை நன்றாக இறைக்கும், டாக்சியையும் ஓரளவு இறைக்கும், மினோவை இறைக்க அதற்குத் தெரியாது. காவல் வகையாக இருந்தால் மூன்றுமே கைவிரிக்கும்.

அதனால் தாளில் டெட்ராசைக்ளினுக்கு 'எஸ்' இருந்தால் டாக்சி, மினோ இரண்டும் கேட்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். 'ஆர்' இருந்தால் மற்ற இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். நீங்கள் கொண்டுவந்த தாளை மறுபடி விரித்துப் பார்த்தேன். நான்கு வரி கீழே மினோசைக்ளின் என்று தனியாக இருக்கிறது, அதற்கு எதிரே 'எஸ்'. மடித்த மடிப்பில் மறைந்திருந்தது.